பள்ளி ஏர் விங்கில் ஏரோமாடலிங்: கிளைடரா, ஸ்டாட்டிக்கா, கன்ட்ரோல் லைனா, ஆர்.சி.யா?

பள்ளிக்கு என்.சி.சி. ஏர் விங் டிரூப் கிடைத்துவிட்டது. ஏரோமாடலிங்குக்கென்று, அதாவது மாதிரி விமானம் செய்து பழகுவதற்கென்று, கொஞ்சம் பணமும் ஒதுக்கியாயிற்று. அதை எதில் போடுவது என்ற கேள்வி, டிரூப்பைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களான ஏ.என்.ஓ.க்களிடமிருந்தும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாரிடமிருந்தும் அடிக்கடி வருகிறது. பல சமயம் பதிலையும் அவர்களே சேர்த்துக் கொண்டுவந்துவிடுகிறார்கள்: "நல்லதா ஒரு ஆர்.சி. விமானம் வாங்கிடலாமா சார்?"

வாங்கலாம். ரேடியோ வழியாக இயக்கும் விமானம் அது. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பிறகு மைதானத்துக்கு மேலே இரண்டு சுற்று சுற்றும், எல்லோரும் கைதட்டுவார்கள். இயக்குபவர் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்த ஒருவராக இருப்பார். டிரூப்பிலுள்ள 50 கேடட்டுகளும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். எட்டாம் வகுப்பில் சேர்ந்து ஒன்பதாம் வகுப்பில் 'ஏ' சர்டிஃபிகேட் தேர்வு எழுதும் பிள்ளைக்கு டிரூப்பில் கிடைப்பது இரண்டே வருடம். அந்த இரண்டு வருடத்தில் மாதிரி விமானம் அவர்கள் கையில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதுதான் கணக்கு. இந்த ஒப்பீடு முழுவதும் அந்தக் கணக்கை வைத்தே போகிறது.

## எதை வைத்து எடைபோடுவது

கை நேரம். 50 கேடட், இரண்டு மணி நேரப் பரேடு. ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை வாய்ப்பு வரும்? கேட்லாக்கில் இது இருக்காது.

பழுது நேரம். எல்லா மாதிரியும் உடையும். உடைந்ததை அங்கேயே ஒட்டி மறுபடி பறக்கவிட முடிகிறதா, அடுத்த மாதம் உதிரி பாகம் வரும்வரை அலமாரியில் தூங்குகிறதா என்பதே வேறுபாடு.

இடமும் காற்றும். மைதானம் எவ்வளவு பெரிது, பக்கத்தில் மின்கம்பி உண்டா, ஆடி மாதத்தில் காற்று எப்படி என்று பார்க்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே இருக்கும் கோவை, பொள்ளாச்சிப் பள்ளிகளுக்கும் ஆரல்வாய்மொழிப் பக்கத்துப் பள்ளிகளுக்கும் இது பெரிய விஷயம்.

சொல்லித்தர ஆள். என்.சி.சி. யூனிட்டிலிருந்து வரும் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது நிரந்தரப் பயிற்றுநர்கள், டிரில்லையும் ஆயுதப் பயிற்சியையும் பார்த்துக்கொள்வார்கள். மாதிரி விமானம் ஓட்டத் தெரிந்த ஆள் ஒவ்வொரு பரேடுக்கும் வருவாரா?

பாதுகாப்பு, சட்டம். எரிபொருள், பேட்டரி, சுழலும் ப்ரொப்பெல்லர், வான்வெளி விதி.

பாடத்திட்டத்தோடு பொருந்துகிறதா என்பதைத் தனி அளவுகோலாக வைக்கவில்லை. பறத்தல் தத்துவம் பாடத்தில் வரும் தூக்குவிசை, இழுவை, நிலைத்தன்மை எல்லாவற்றையும் நான்கு வகையிலுமே ஏதோ ஓர் அளவில் காட்டிவிட முடியும்.

## சக் கிளைடர்

கையால் எறியும் கிளைடர். நான்கில் மலிவானது, ஆகவே நான்கில் அதிகம் அலட்சியப்படுத்தப்படுவதும் இதுதான். தெர்மோகோலில் ஏதோ வெட்டி ஒட்டி, ஒருமுறை வீசிப் பார்த்துவிட்டு "கிளைடர் முடிந்தது" என்று பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள். அளவு பார்த்துச் செய்தால் மற்ற மூன்றும் கற்றுத் தருவதில் பாதியை இது ஒன்றே கற்றுத் தந்துவிடும்.

முதல் கிளைடருக்குக் கைகொடுக்கும் அளவுகள் இவை:

- இறக்கை: 3 மி.மீ. பால்சா, 45 × 9 செ.மீ. மர ரேகை இறக்கையின் நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்காக வெட்டினால் முதல் எறிதலிலேயே முறியும்.
- கிடைவால்: 1.5 மி.மீ. பால்சா, 18 × 5 செ.மீ.
- நிமிர்வால்: அதே தகடு, 7 × 5 செ.மீ.
- உடல்: 6 × 10 மி.மீ. கட்டிப் பால்சா அல்லது இலேசான மரச்சட்டம், 45 செ.மீ.
- மூக்கிலிருந்து 10 செ.மீ. தள்ளி இறக்கையின் முன்விளிம்பு, 39 செ.மீ. தள்ளி கிடைவாலின் முன்விளிம்பு.

பால்சா தகடு வழக்கமாக 10 செ.மீ. அகலம், 91 செ.மீ. நீளத்தில் வரும். 3 மி.மீ. தகடு ஒன்றில் இரண்டு இறக்கை. 50 கேடட்டுக்கு 25 தகடு. 1.5 மி.மீ. தகடு ஒன்றில் 10 கிடைவால் அல்லது 26 நிமிர்வால் வரும். ஆக 5 தகடும் 2 தகடும். பாழாவதற்கென்று பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள். இறக்கை முறியும் அளவுக்கு வால் முறியாது, எனவே கூடுதலை இறக்கைத் தகட்டில் வையுங்கள்.

இறக்கையை நடுவில் வெட்டி, ஒரு பாதியை மேசையில் படியவைத்து, மறுபாதியின் நுனியை 8 செ.மீ. உயர்த்தி ஒட்ட வேண்டும். நிமிர்த்திப் பார்த்தால் ஒவ்வொரு நுனியும் 4 செ.மீ. மேலே நிற்கும். இந்த 'வி' வடிவம்தான், சாய்ந்த விமானத்தைத் தானாக நிமிர்த்துவது. இந்த மூட்டில் பசை குறைந்தால் மைதானத்தில் இறக்கை இரண்டாகப் பிரியும். வெட்டிய முகங்களை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, ஒருமுறை பசை தடவி உறியவிட்டு, மறுபடி தடவி ஒட்டினால் பிடிக்கும்.

பால்சா கிடைக்காதவர்கள் தெர்மோகோலிலோ டெப்ரான் என்ற நுரைத்தகட்டிலோ செய்யலாம். ஆனால் கடையில் கிடைக்கும் உடனடிப் பசையைத் தெர்மோகோலில் விட்டால் அது நுரையைத் தின்று குழியாக்கிவிடும். ஃபெவிக்கால் வகை வெள்ளைப் பசைதான் சரி. இரவு முழுக்கக் காய வேண்டும், அவ்வளவே.

சமன் பார்ப்பதுதான் உண்மையான பாடம். மூக்கில் களிமண் ஒட்டி, இறக்கையின் முன்விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி இரு விரலால் தாங்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். பிறகு காற்றில்லாத காலையில், தோள் உயரத்திலிருந்து, மூக்கு துளி கீழ்நோக்கி இருக்க, ஈட்டியைப் போல நேராகத் தள்ளிவிட வேண்டும். கல் எறிவதுபோல் வீசக் கூடாது.

- மூக்கு தூக்கி, நின்று, விழுந்து, மறுபடி தூக்கி அலையலையாகப் போகிறதா? வால் பாரம். களிமண் சேர்க்கவும்.
- நேராகத் தரையில் குத்துகிறதா? மூக்கு பாரம். களிமண் எடுக்கவும், அல்லது கிடைவாலின் பின்விளிம்பை ஒரு மி.மீ. மேலே வளைக்கவும்.
- ஒரே பக்கம் சுழன்று இறங்குகிறதா? முதலில் இறக்கையைப் பின்னாலிருந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு பக்கம் முறுக்கியிருக்கும். வாயால் ஊதி வெதுவெதுப்பாக்கி, எதிர்ப்பக்கம் முறுக்கி, ஆறும்வரை பிடித்திருந்தால் நேராகும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். களிமண்ணையும் வாலையும் சேர்த்து மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று தெரியாமல் நிற்பதுதான் கேடட்டுகள் வழக்கமாகச் சிக்கும் இடம்.

மறைசெலவு என்று பார்த்தால் பசை, கட்டர் பிளேடு, உப்புத்தாள். கட்டரில் விரல் வெட்டுப்படுவதே இங்கு நடக்கும் முக்கிய விபத்து. இரும்பு ஸ்கேலும் அடியில் தடித்த அட்டையும் கட்டாயம். மைதானத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று, எறிந்து முடித்த பிறகே எல்லோரும் எடுக்கப் போக வேண்டும். கூர்மூக்கு கண்ணில் படும் என்பதால் நுனியை உருண்டையாகத் தேய்த்துவிடுங்கள்.

ரப்பர் முறுக்கி ஓட்டும் மாதிரி இதன் அடுத்த படி. அதே உடலில் ப்ரொப்பெல்லரும் ரப்பர் வளையமும் சேர்த்தால் போதும். ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவினால் அதிக முறுக்குத் தாங்கும். தனிப் பிரிவாக வைக்கும் அளவுக்கு வேறுபாடு இல்லை.

## ஸ்டாட்டிக் மாதிரி

பறக்காது. அதனாலேயே பலருக்கு இதில் ஆர்வம் இல்லை. ஆனால் மைதானமே இல்லாத நகரப் பள்ளிக்கும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் அடைபடும் கடலோரப் பள்ளிக்கும் இதைவிட நல்ல வேலை கிடையாது. ஏர் விங் கேடட்டுகளுக்கான வாயு சைனிக் முகாம் போட்டிகளிலும் ஸ்டாட்டிக்குக்கு இடம் உண்டு.

விமானத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்திலிருப்பதை எடுங்கள். சூலூரில் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு இருக்கிறது. தஞ்சாவூரில் 2020 ஜனவரியிலிருந்து சுகோய்-30 எம்.கே.ஐ. பறக்கும் 222-ஆம் படைப்பிரிவு இருக்கிறது. வானத்தில் பார்த்ததைச் செய்யும்போது பிள்ளைகள் கண்ணாடி மூடியின் வளைவைக்கூட விடமாட்டார்கள்.

அளவுக் கணக்கைக் கேடட்டுகளையே போடச் சொல்லுங்கள். தேஜஸின் நீளம் 13.2 மீட்டர், இறக்கை அகலம் 8.2 மீட்டர். 1:48 அளவில் நீளம் 27.5 செ.மீ., அகலம் 17.1 செ.மீ. சுகோய்-30 அதே அளவில் மேசையை அடைத்துவிடும்; 1:72-க்குக் குறைத்தால் நீளம் ஏறத்தாழ 30.5 செ.மீ., அகலம் 20.4 செ.மீ. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டப்போகிறீர்கள் என்றால் ஒரே அளவில் செய்யுங்கள். வெவ்வேறு அளவில் வைத்தால் தேஜஸ் சுகோயின் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். நடுவர் முதலில் கேட்பதும் அதையே.

மூன்று பக்க வரைபடத்தை அளவுக்கேற்ப அச்செடுத்து, அட்டையில் வெட்டி அச்சாக்கி, மரக்கட்டையில் பக்கவாட்டு உருவத்தையும் மேல் உருவத்தையும் அறுத்து, பிறகு உருட்டித் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் 120, 220, 400 என்ற வரிசையில் போகட்டும். மூட்டுப் பள்ளத்தில் புட்டியை ஒரே தடவையில் அப்பினால் காயும்போது வெடிக்கும். மெல்லிசாக இரண்டு மூன்று தடவை வைத்துக் காயவிட வேண்டும். எனாமல் பெயின்ட் சரியாகக் காயாத நிலையில் மேலே லாக்கர் ஸ்பிரே அடித்தால் அடிப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். மழை நாளில் ஸ்பிரே அடித்தால் ஈரம் சேர்ந்து வெள்ளை மூட்டம் படியும். ஆகவே தேய்ப்பு வேலை மழையில், பெயின்ட் வேலை வெயில் வந்த பிறகு. விமானப்படையின் வட்டச் சின்னத்தில் நடுவில் பச்சை, வெளிவளையம் காவி. மாற்றி ஒட்டியவர்கள் உண்டு.

ஐந்து பேருக்கு ஒரு மாதிரி என்று குழு பிரித்தால் 50 பேருக்கு 10 மாதிரி. இதில் ஒளிந்திருக்கும் குறை குழுவிலேயே இருக்கிறது. கைத்திறன் உள்ள ஒருவன் எல்லாவற்றையும் செய்வான், நால்வர் பார்ப்பார்கள். உடல், இறக்கை, வால், தரைச்சக்கரம், பெயின்ட் என்று ஆளுக்கொரு பகுதியைப் பெயர் எழுதிக் கொடுத்தால்தான் இது சரியாகும்.

## கன்ட்ரோல் லைன்

விமானி நடுவில் நிற்பார். அவர் கைப்பிடியிலிருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் இறக்கை வழியாக உள்ளே போய், பெல்கிராங்க் என்ற நெம்புகோல் வழியாக, கிடைவாலின் அசையும் பகுதியான எலிவேட்டரை மேலும் கீழும் அசைக்கும். விமானம் அவரைச் சுற்றி வட்டமடிக்கும். ரேடியோ இல்லை, சிக்னல் போகும் பயம் இல்லை. விமானம் காற்றைத் தள்ளும் விசையைக் கையாலேயே உணரலாம். அந்த உணர்வை ஆர்.சி. தராது.

கணக்குப் பாருங்கள். அரைக் கிலோ விமானம், 16 மீட்டர் ஆரம், மணிக்கு 80 கி.மீ. வேகம். ஒரு சுற்றுக்கு நாலரை விநாடி. கையை இழுக்கும் விசை ஒன்றரைக் கிலோ எடையைத் தூக்குவதற்குச் சமம். வட்ட இயக்கம் பற்றிக் கரும்பலகையில் படித்ததை இங்கே தோள்பட்டையில் படிக்கலாம். கூடவே தலைசுற்றலும் வரும். முதல் முறை ஓட்டுபவர் பின்னால் பயிற்சியாளர் நின்று அதே கைப்பிடியைப் பிடித்தபடி சேர்ந்து சுற்ற வேண்டும்.

கம்பி அறுந்தால் விமானம் நேராகப் பறந்து போய் யார்மீதாவது மோதும். அதனால் பறக்கவிடும் முன் இழுப்புச் சோதனை தவறக் கூடாது. ஒருவர் விமானத்தைப் பிடித்துக்கொள்ள, கைப்பிடியில் தராசு மாட்டி விமான எடையின் 10 மடங்கு இழுத்துப் பார்க்க வேண்டும். 500 கிராம் விமானத்துக்கு 5 கிலோ. கம்பியில் ஓர் இடம் மடிந்து கண்ணி விழுந்திருந்தாலும் அந்தக் கம்பியைத் தூக்கிப் போடுங்கள், நேராக்கி மறுபடி பயன்படுத்த வேண்டாம். கைப்பிடியை மணிக்கட்டோடு வாரால் கட்டுவதும் கட்டாயம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் மூன்று. கைப்பிடியைத் தலைகீழாகப் பிடிப்பது ஒன்று: மேலே என்று இழுத்தால் கீழே போகும், ஓர் விநாடியில் முடிந்துவிடும். கிளம்பும் முன் எலிவேட்டரை அசைத்து, விமானத்தைப் பிடித்திருப்பவர் "மேலே", "கீழே" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். இரண்டாவது, கம்பி தளர்வது. வெளிப்பக்க இறக்கை நுனியில் 15 முதல் 20 கிராம் எடையும், மோட்டார் வெளிப்பக்கம் இரண்டு டிகிரி திரும்பியும் இருந்தால் கம்பி இறுக்கமாகவே இருக்கும். கிளம்பும் இடமும் முக்கியம்: விமானி நிற்கும் இடத்திலிருந்து காற்று வீசிப் போகும் பக்கத்தில் விட்டால் காற்றே விமானத்தை வெளியே தள்ளிக் கம்பியை இழுத்துப் பிடிக்கும். மூன்றாவது, எலிவேட்டர் அதிகம் அசைவது. புதியவர் பதறிக் கையை ஆட்டுவார். அசைவை 15 டிகிரிக்குள் கட்டிப்போட்டால் விமானம் பிழைக்கும்.

இன்ஜினா, மின்மோட்டாரா? பழைய ஆட்கள் இன்ஜின்தான் என்பார்கள். சத்தத்துக்காகவே அந்தப் பக்கம் சாய்பவர்களும் உண்டு. ஆனால் குளோ இன்ஜின் எரிபொருளில் முக்கால் பங்கு மெத்தனால், மீதியில் பெரும்பகுதி விளக்கெண்ணெய். மெத்தனால் குடித்தால் கண்ணும் உயிரும் போகும், எரியும்போது சுடர் கண்ணுக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் அதை வைத்திருப்பதும் விற்பதும் 1959-ஆம் ஆண்டு விதிகளின்படி கட்டுப்படுத்தப்பட்டவை. 13 வயதுப் பிள்ளைகள் நடமாடும் பள்ளி ஸ்டோர் ரூமில் அந்தக் கேன் இருக்கவே கூடாது. டீசல் மாதிரி இன்ஜினுக்கு ஈதர் வேண்டும். அதுவும் அதே தலைவலி. பள்ளிக்கு மின்மோட்டார்தான். 3 செல் 1300 எம்.ஏ.ஹெச். பேட்டரி, 2212 அளவில் ஒரு மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி., ஒரு டைமர். ஐந்து நிமிடம் சுற்றலாம், ரிசீவரும் டிரான்ஸ்மிட்டரும் வாங்க வேண்டாம்.

இடம்: 50 × 50 மீட்டர் காலி மைதானம். வட்டத்தின் விளிம்பிலிருந்து இன்னொரு வட்ட அகலம் தள்ளிவரை மின்கம்பி இருக்கக் கூடாது. எஃகுக் கம்பி மின்கம்பியைத் தொட்டால் மின்சாரம் நேராக விமானியின் கைக்கு வரும். மைதானத்து ஓரத்தில் மின்கம்பம் உள்ள பள்ளி இந்த வகையை அப்படியே மறந்துவிடலாம். மழைமேகம் கூடினாலும் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

## ரேடியோ கன்ட்ரோல்

இதன் கவர்ச்சிக்கு விளக்கம் வேண்டாம். கணக்கு மட்டும் சொல்லலாம்.

பள்ளிக்கு ஏற்ற பயிற்சி விமானம் உடலுக்கு மேலே இறக்கை அமைந்தது, 1.2 மீட்டர் அகலம், 900 கிராம் அளவு, நுரைத்தகட்டில் செய்தது. 2212 வகை 1000 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், 10 × 4.5 ப்ரொப்பெல்லர், 30 ஆம்பியர் ஈ.எஸ்.சி., இறக்கை, வால் பகுதிகளை அசைக்க நான்கு 9 கிராம் சர்வோ, 3 செல் 2200 எம்.ஏ.ஹெச். லித்தியம் பாலிமர் பேட்டரி. சராசரி 15 ஆம்பியர் இழுத்தால், பேட்டரியில் ஐந்தில் ஒரு பங்கை மிச்சம் வைத்து இறங்குவதற்குள் ஏழு நிமிடம். பேட்டரி மாற்றி, சோதித்து, அடுத்தவருக்கு விளக்கிக் கிளம்ப இன்னொரு ஏழெட்டு நிமிடம். மணிக்கு நான்கு பேர். 50 பேருக்கும் ஒரு முறை வர ஏழு பரேடு வேண்டும். அதுவும் நடுவில் ஒருமுறைகூட விழாமல் இருந்தால்!

இதை ஓரளவு சரிக்கட்ட வழி இருக்கிறது. பள்ளியின் ஹைடெக் லேபில் இலவச சிமுலேட்டர் போட்டு, டிரான்ஸ்மிட்டரை யு.எஸ்.பி. வழியாக இணைத்து, விமானத்தைத் தொடும் முன் ஒவ்வொருவரும் அதில் பழகட்டும். விமானம் தன்னை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறிப்போகும் குழப்பம் அங்கேயே தீர வேண்டும். மைதானத்தில் தீர்த்தால் மூக்கு உடையும். நேரில் ஓட்டும்போது இரண்டு டிரான்ஸ்மிட்டரை இணைத்து, பயிற்சியாளர் ஒரு சுவிட்சில் கட்டுப்பாட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இல்லாமல் புதியவரிடம் கொடுக்காதீர்கள். இரண்டாவது டிரான்ஸ்மிட்டர் வாங்கப் பணம் இல்லையென்றால் ஆர்.சி.க்கான பணமே இன்னும் சேரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்: குறைந்தது நான்கு பேட்டரி, செல் சமன் செய்யும் சார்ஜர், ஒரு டஜன் ப்ரொப்பெல்லர், இரண்டு கூடுதல் சர்வோ, ஒரு கூடுதல் இறக்கை. பேட்டரிதான் அதிகம் பணம் தின்னும். முழுச் சார்ஜில் கோடை விடுமுறை முழுக்கப் பூட்டிய அறையில் கிடந்தால் ஜூனில் உப்பிப்போய் இருக்கும். விடுமுறைக்கு முன் செல்லுக்கு 3.8 வோல்ட், அதாவது மூன்று செல்லுக்கு 11.4 வோல்ட்டில் நிறுத்தி, வெயில் படாத இடத்தில், எரியாத பெட்டியில் வைக்க வேண்டும். சார்ஜ் ஏறும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். உப்பிய பேட்டரியை "இன்னும் ஒரு தடவை" என்று ஏற்றவே கூடாது.

விமானம் விழும் காரணங்களில் காற்றுக்குக் கடைசி இடம்தான். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பகுதி) எதிர்ப்பக்கம் இணைத்திருப்பது, புவியீர்ப்பு மையம் பின்னால் இருப்பது, பேட்டரி கட்டிய பட்டை நழுவுவது, சிக்னல் போனால் மோட்டார் நிற்கும் ஏற்பாட்டைச் சோதிக்காதது எல்லாமே தரையில் இரண்டு நிமிடத்தில் பிடிபடுபவை. அந்தச் சோதனைகளில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு மோட்டாரை ஓட்டுங்கள்.

சட்டம் பற்றி. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் இறக்கையுள்ள ஆர்.சி. விமானத்துக்கும் பொருந்தும். கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ, கண்ணெட்டும் தூரத்தில் பறக்கவிடும் 25 கிலோவுக்குட்பட்ட மாதிரிக்கு வகைச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற வான்வெளி மண்டலப் பிரிவு பொருந்தும்; மஞ்சளிலும் சிவப்பிலும் அனுமதி வேண்டும். பச்சை மண்டலத்தில் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. இயங்கும் விமான நிலையத்தின் எல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் அந்த உச்சி 200 அடியாகக் குறையும். அதற்கும் உள்ளே அனுமதியில்லாமல் பறக்கவே முடியாது. மீனம்பாக்கம், தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் சுற்றுவட்டாரப் பள்ளிகள் வாங்கும் முன்பே அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் தங்கள் மைதானத்தைப் பார்த்துவிட வேண்டும். விமானப்படைத் தளத்துக்குப் பக்கத்துப் பள்ளியில்தான் ஏர் விங் ஆர்வம் அதிகம், ஆர்.சி.க்குத் தடையும் அங்கேதான் அதிகம்!

## ஒரே பார்வையில்

50 கேடட், இரண்டு மணி நேரப் பரேடு என்று வைத்து:

| | சக் கிளைடர் | ஸ்டாட்டிக் | கன்ட்ரோல் லைன் (மின்) | ஆர்.சி. |
|---|---|---|---|---|
| ஒரு பரேடில் வாய்ப்பு | ஒவ்வொருவருக்கும் 20 எறிதலாவது | எல்லோருக்கும் கைவேலை | 12 பேருக்கு ஒரு முறை | 8 பேருக்கு ஒரு முறை |
| எல்லோருக்கும் ஒரு முறை வர | ஒரே பரேடு | ஒரே பரேடு | 5 பரேடு | 7 பரேடு |
| இடம் | 40 மீட்டர் நீளத் திடல் | வகுப்பறை | 50 × 50 மீட்டர், மின்கம்பி இல்லாமல் | 150 × 60 மீட்டர், இறங்கும் பக்கம் மரம் இல்லாமல் |
| காற்று அடித்தால் | நடக்காது | கவலை இல்லை | மிதமான காற்று தாங்கும் | புதியவருக்கு ஆகாது |
| உடைந்தால் | அங்கேயே ஒட்டலாம் | அடுத்த பரேடில் | ப்ரொப்பெல்லர் உடனே, இறக்கை ஒரு வாரம் | 20 நிமிடம் முதல் ஒரு மாதம் |
| மறைசெலவு | பிளேடு, பசை | பெயின்ட், இடம் அடைத்தல் | கம்பி, ப்ரொப்பெல்லர், பேட்டரி | பேட்டரி, இரண்டாவது டிரான்ஸ்மிட்டர், உதிரிகள் |
| சொல்லித்தர | படித்துப் பார்த்து ஆசிரியரே | மரவேலை தெரிந்தவர் | ஓட்டத் தெரிந்த ஒருவர் | ஓட்டத் தெரிந்த ஒருவர், ஒவ்வொரு முறையும் |

## எந்தப் பள்ளிக்கு எது

புதிய டிரூப், பயிற்சியாளர் யாரும் இல்லை, பணம் குறைவு: கிளைடர். முதல் வருடம் வேறு எதையும் தொட வேண்டாம்.

மைதானம் இல்லாத பள்ளி, அல்லது சிவப்பு, மஞ்சள் மண்டலத்தில் மாட்டிய பள்ளி: ஸ்டாட்டிக்கும் கிளைடரும். கிளைடரை வாரம் ஒருமுறை பக்கத்து மாநகராட்சித் திடலுக்கு எடுத்துப் போகலாம்.

பெரிய மைதானம், பக்கத்துக் கல்லூரியில் சீனியர் டிவிஷன் ஏர் விங் இருக்கிறது: கன்ட்ரோல் லைன். கல்லூரிக் கேடட்டுகளே வந்து கைப்பிடியைச் சேர்ந்து பிடிப்பார்கள். அவர்களுக்கும் போட்டிக்குப் பயிற்சியாகும்.

ஆர்.சி. எப்போது சரி? டிரூப்பில் ஏற்கெனவே கிளைடரைச் சமன் செய்யத் தெரிந்த பத்துப் பேர் இருந்து, வாரந்தோறும் வரக்கூடிய பயிற்சியாளரும் இருந்தால். அப்போது அந்தப் பத்துப் பேருக்கு மட்டும் தனிக் குழு அமைத்து ஓட்டலாம். 50 பேருக்கும் பொதுவாக ஒரு ஆர்.சி. என்பது யாருக்கும் இல்லாத ஆர்.சி.தான். பார்வையாளர் முன் காட்டிக்கொள்ள மட்டும் வேண்டுமென்றால் வாங்காதீர்கள், அன்றைக்கு ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், அது மலிவு.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் கட்டாயமும் இல்லை. பள்ளி ஆண்டையே பருவத்தோடு பிரித்துக்கொள்ளலாம். ஜூன், ஜூலையில் வகுப்பறையில் கிளைடர் வெட்டி ஒட்டல். ஆடிக்காற்று அடங்கியதும் ஆகஸ்ட் இறுதியிலிருந்து செப்டம்பர் வரை காலை எட்டு மணிக்குள் மைதானத்தில் சமன் பார்த்தல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஸ்டாட்டிக்கில் அறுப்பும் தேய்ப்பும், பெயின்ட் மட்டும் ஜனவரிக்கு. பொங்கல் விடுமுறை முடிந்து பிப்ரவரி இறுதி வரை ஒன்பதாம் வகுப்புக் கேடட்டுகளுக்குக் கன்ட்ரோல் லைன். மார்ச்சில் தேர்வுக்கு முன் பேட்டரிகளை 11.4 வோல்ட்டுக்கு இறக்கி, ஒவ்வொன்றிலும் தேதி எழுதி ஒட்டி, பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.